துவக்கு இருக்கிறதா என்று பொலிஸ்தான் முதலில் கேட்க வேண்டும்

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிற என் சித்தப்பா மகன் அண்மையில் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கியிருக்கிறான். இரவு வேலை, வீடு திரும்புகிற வழி நல்லதில்லை என்கிறான். வாங்கியது சரியா பிழையா என்று அவனோடு போதுமான அளவு சண்டை போட்டாயிற்று. நான் இப்போது எழுத வந்தது அவன் கேட்ட வேறொரு கேள்வியைப் பற்றி. "அண்ணே, பொலிஸ் காரை மறிச்சா, கேட்காமலே துவக்கு இருக்குன்னு சொல்லணுமா, கேட்டா மட்டும் சொன்னா போதுமா?"

அந்த நாட்டில் இதற்கு மாநிலத்துக்கு மாநிலம் பதில் வேறு. மிச்சிகனில் மறித்த உடனே நாமாகவே சொல்லியாக வேண்டும். மினசோட்டாவில் கேட்டால் சொன்னால் போதும். ஒஹாயோவில் 2022 ஜூன் வரைக்கும் தானாகச் சொல்லாவிட்டால் சிறைக்கே அனுப்பலாம். அதற்குப் பிறகு சட்டத்தை மாற்றி, கேட்டால் மறைக்காமல் சொன்னால் போதும் என்று வைத்தார்கள். பொலிஸ்காரர்களின் சங்கம் அதை எதிர்த்தது. அவர்கள் பயமும் நியாயமானதுதான். இருட்டில் தனியாகப் போய், முன்பின் தெரியாத ஒருவரின் கார் கண்ணாடிப் பக்கம் குனிகிற வேலை அது.

ஆனாலும் ஒஹாயோ இப்போது வைத்திருக்கிற பக்கம்தான் சரி என்பது என் எண்ணம். அதுவும் பாதி தூரம்தான் வந்திருக்கிறது. கேட்பதைப் பொலிஸின் கடமையாக எழுதினால்தான் சட்டம் முழுமையாகும். எனக்கு இது புத்தகத்தில் படித்து வந்த எண்ணமில்லை.

இங்கே இலங்கையில் எங்கள் பெரியப்பாவிடம் பயிர்க்காவலுக்கு லைசன்ஸ் எடுத்த ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று இருக்கிறது. பசறையிலிருந்து லுணுகலை போகிற பக்கம் அவருக்குச் சொந்தக் காணி. மரவள்ளி, சோளம், கொஞ்சம் மிளகு. பன்றி இறங்கினால் ஒரே இரவில் மரவள்ளித் தோட்டம் உழுது போட்டது மாதிரி கிடக்கும். (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்தில் இருக்கிறவர்கள் வீட்டுக்குப் பின்னால் போடுகிற மரக்கறியையும் பன்றி விடுவதில்லை. ஆனால் காணி உறுதி இல்லாதவர்களுக்குத் துவக்கு லைசன்ஸ் குதிரைக்கொம்பு. அதைத் தனியாக எழுத வேண்டும்.) லைசன்ஸை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

ஒரு டிசம்பரில் அதற்காக அவரோடு பதுளைக்குப் புறப்பட்டேன். துவக்கை உரப்பையில் சுற்றிக் கட்டி, த்ரீவீலரின் பின்சீட்டில் எங்கள் கால்மாட்டில் வைத்திருந்தோம். ஒரு வளைவில் பொலிஸ் மறித்தது. இளம் கான்ஸ்டபிள் ஒருவர் டிரைவரின் பத்திரங்களை வாங்கிக்கொண்டே பின்பக்கம் குனிந்து பார்த்தார். பெரியப்பாவுக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும். யுத்த காலத்தில், கேட்கும் முன்பே அடையாள அட்டையை எடுத்து நீட்டிப் பழகியவர். அதே பழக்கத்தில், ஒளிக்க ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக, உரப்பையின் கயிற்றை அவிழ்க்கக் கையைக் கீழே கொண்டுபோனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அதற்குள் குழலின் நுனி பைக்கு வெளியே தெரிந்துவிட்டது. கான்ஸ்டபிள் பின்னால் பாய்ந்து சத்தம் போட்டார். அவர் கை இடுப்புக்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன்.

ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற சார்ஜன்ட், தலை நரைத்த மனுஷன், ஓடாமல் நடந்து வந்தார். இரண்டு கையையும் முன்கம்பியில் வைக்கும்படி சிங்களத்தில் சொன்னார். பெரியப்பா விழித்ததும், தன் கையைக் கம்பியில் வைத்துக் காட்டினார். பெரியப்பாவும் வைத்தார். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். லைசன்ஸ் இருக்கிறதா? தோட்டா ஏற்றியிருக்கிறதா? பத்திரம் எந்தப் பொக்கெட்டில்? நான் சொல்லச் சொல்ல, பெரியப்பாவின் சட்டைப்பையிலிருந்து பத்திரத்தை என்னையே எடுத்துத் தரச் சொன்னார். உரப்பையை அவரே தூக்கி, குழலை நிலத்தைப் பார்க்கப் பிடித்து, மடக்கிப் பார்த்தார். காலி. போகலாம் என்றார்.

பெரியப்பா எதையும் மறைக்கவில்லை. சொல்லத்தான் போனார், ஆனால் அவருக்கு வாய்க்கு முன்னால் கை போய்விட்டது. "தானாகவே சொல்ல வேண்டும்" என்று ஒரு சட்டம் இருந்திருந்தால், அந்தக் கை இன்னும் வேகமாகத்தான் போயிருக்கும். அன்று எங்களைக் காப்பாற்றியது சார்ஜன்ட் கேட்ட கேள்விகளும், அவர் அவற்றைக் கேட்ட ஒழுங்கும்தான்.

பிலாண்டோ காஸ்டீலின் கதையை நான் வாசித்தது இதற்குப் பிறகு. 32 வயது, கறுப்பினத்தவர், பாடசாலை உணவகத்தில் வேலை. 2016 ஜூலை 6ஆம் திகதி மினசோட்டாவில் ஃபால்கன் ஹைட்ஸ் என்ற இடத்தில் அவர் காரைப் பொலிஸ் மறித்தது. அவரிடம் துப்பாக்கி வைத்திருக்க அனுமதி இருந்தது. அந்த மாநிலத்தில் கேட்காமல் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனாலும் தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார். பொலிஸ்காரர் அதை எடுக்காதே என்றார், இவர் எடுக்கவில்லை என்றார். சில விநாடிகளில் ஏழு முறை சுட்டார் அந்தப் பொலிஸ்காரர். காரில் காதலியும் அவருடைய நான்கு வயது மகளும் இருந்தார்கள். லைசன்ஸை எடுக்கத்தான் கையைக் கொண்டுபோனார் என்று காதலி சொன்னார். துப்பாக்கியை எடுக்கிறார் என்று பயந்தேன் என்று பொலிஸ்காரர் சொன்னார். 2017 ஜூனில் ஜூரிகள் அவரை விடுதலை செய்தார்கள். அந்தச் செய்தியை வாசித்தபோது பெரியப்பாவின் மணிக்கட்டுத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. பெரியப்பா அமெரிக்காவில் இருந்திருந்தால் எங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு அடைக்கிறது.

ஒஹாயோவிலேயே இன்னொன்று நடந்தது. 2011இல் கான்டன் நகரில் லைசன்ஸ் வைத்திருந்த ஒரு சாரதி, துப்பாக்கி இருப்பதைச் சொல்ல வாயெடுத்தார். பொலிஸ்காரர் பேசவே விடவில்லை. கடைசியில் விஷயம் தெரிந்ததும் அந்த அதிகாரி கொன்றுபோட்டிருப்பேன் என்கிற மாதிரி மிரட்டியது பொலிஸ் வண்டியின் கமராவிலேயே பதிவாகியிருக்கிறது. அதற்கு மேல், உடனே சொல்லவில்லை என்று அந்த சாரதி மீதே குற்றமும் சாட்டினார்கள். பிறகு அது தள்ளுபடியானது. பேச விடாமல் வைத்துவிட்டு, பேசவில்லை என்று தண்டிப்பது எந்த ஊர் நியாயம்?

சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருக்கிறவன் எப்படியும் சொல்லப் போவதில்லை. ஆகவே இந்தக் கட்டாயம் லைசன்ஸ் எடுத்தவர்களை மட்டும்தான் பிடிக்கிறது. அவர்களிலும் பதற்றப்படுகிறவர்கள், பாஷை வராதவர்கள், பொலிஸைக் கண்டால் உதறுகிறவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள். மலையகத்தில் அது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். மறித்தால் உள்லைட்டைப் போடு, இரண்டு கையையும் ஸ்டீயரிங்கின் மேலே வை, பொலிஸ்காரர் பேசி முடிக்கும் வரை பொறு. கேட்டால் உடனே உண்மையைச் சொல். கேட்காமல் பத்திரங்களை எடு என்று சொன்னால் மட்டும், கையை நகர்த்தும் முன் சொல். அவர் எடு என்று திரும்பச் சொல்லும்வரை எதையும் தொடாதே.

இங்கே நம் பக்கம் நான் கேட்பது சின்ன விஷயம். பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் வீதிச் சோதனைக்கு நிற்கிற ஒவ்வொரு பொலிஸ்காரருக்கும் அந்த சார்ஜன்ட் கேட்ட கேள்விகள் தமிழில் மனப்பாடமாக இருக்க வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று 1987இலிருந்து அரசியலமைப்பில் இருக்கிறது. துவக்கு லைசன்ஸோடு, மறித்தால் என்ன செய்ய வேண்டும் என்று இரு மொழியிலும் அச்சடித்த ஒரு துண்டும் கொடுக்கலாம். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கொடுக்க இதை ஒரு கடிதமாக எழுதிவைத்திருக்கிறேன். பயிர்க்காவல் துவக்கு வைத்திருக்கிற குடும்பங்கள் யாராவது சேர்ந்து கையெழுத்துப் போட விரும்பினால் எனக்குச் சொல்லுங்கள், இந்த வருடப் புதுப்பிப்புக்கு முன் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.