வினாத்தாளிலிருந்து தொடங்கும் பாடம்

காணொளிப் பாடம் பதிவு செய்ய வரும் ஆசிரியர்களிடம் நான் முதலில் கேட்பது வினாத்தாளைத்தான். "அதை கடைசியில பார்த்துக்கலாமே மேடம்" என்பார்கள். கல்வித் தொழில்நுட்பத் துறை என்றாலே கேமராவும் ஸ்மார்ட் போர்டும்தான் என்ற எண்ணம் கல்லூரிகளில் இன்னும் போகவில்லை. ஊடகம் பாடத்தைக் கொண்டு சேர்க்கும் வண்டிதான், கற்றலைக் கூட்டுவது கற்பிக்கும் முறை என்று கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983லேயே எழுதினார். பின்னாளில் இன்னொரு ஆய்வாளர் ராபர்ட் கோஸ்மா அதை மறுத்து வாதிட்டார். என் அனுபவம் கிளார்க் பக்கமே நிற்கிறது.

ஒரு பாலிடெக்னிக் இயற்பியல் ஆசிரியர், நீளத்தை நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் அளவி பற்றி முழு வகுப்பு நேரத்துக்கும் பாடம் தயாரித்து வந்தார். அதில் முதன்மைக் கோலை ஒட்டி ஒரு சிறு கோல் நகரும்; சிறு கோலின் எந்தக் கோடு முதன்மைக் கோலின் கோட்டோடு நேராக ஒன்றிக்கிறது என்று பார்த்து அளக்க வேண்டும். வரையறை, படம், சூத்திரம் எல்லாம் கச்சிதம். "பசங்க எங்க சார் தடுமாறுவாங்க?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எந்தக் கோடு ஒன்றிக்குதுன்னு பார்க்கறதுலதான்" என்றார். சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். கண்ணுக்குத்தான் பயிற்சி இல்லை.

பாடத்தை அங்கிருந்தே கட்டினோம். இடமாறு தோற்றப்பிழை (சாய்வாகப் பார்ப்பதால் வரும் பிழை) வராமல் கேமராவை அளவிக்கு நேர் மேலே வைத்தோம். திரையில் சிறு கோலின் 3, 4, 5 மூன்று கோடுகளுமே ஒன்றிப்பதுபோலத் தெரியும். காணொளி அங்கே நின்று, விடையை எழுதச் சொல்லும். பிறகுதான் விளக்கம்: 4ஆம் கோடு ஒன்றித்தால், 3ஆம் கோடு முதன்மைக் கோலின் கோட்டுக்குச் சற்று வலப்பக்கமும் 5ஆம் கோடு சற்று இடப்பக்கமும் நிற்கும். அக்கம்பக்கத்துக் கோடுகள் இரண்டும் 4ஐ நோக்கி நகர்ந்திருக்கும். ஆகவே முதன்மைக் கோல் காட்டும் 2.3 செ.மீ.யுடன், சிறு கோலின் கோடு ஒன்றுக்கு 0.01 வீதம் 0.04 சேர்ந்து 2.34 செ.மீ. இந்த அடையாளத்தைப் பிடித்த மாணவர் 2.35 என்று எழுதமாட்டார்.

2017இல் தொடங்கிய, இந்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயத்தின் பாடங்களுக்குக் காணொளி, வாசிப்புப் பகுதி, விவாதம், தன்மதிப்பீடு என நான்கு பகுதிகள் உண்டு. நல்ல அமைப்பு. ஆனால் இணையப் பாடம் தயாரிப்பவர்கள் பலர் தன்மதிப்பீட்டைத்தான் கடைசி நேரத்தில் அவசரமாக எழுதுகிறார்கள். படப்பிடிப்புக்குத் தேதி, ஆள், பணம் எல்லாம் கிடைக்கும். நல்ல வினா எழுத மட்டும் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான்.

இப்போது ஆசிரியர்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன்: விடைத்தாள் திருத்தும்போது மாணவர்கள் எழுதும் தவறான விடைகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த பதிவுக்கு வரும்போது ஸ்லைடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள்.