சிரியஸின் துணை இழந்த நிறை

இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸுக்கு ஒரு துணை உண்டு. 1862இல் ஆல்வன் கிரகாம் கிளார்க் தொலைநோக்கியில் முதன்முதலாகக் கண்ட அந்த வெண்குறுமீன் (எரிபொருள் தீர்ந்த விண்மீனின் சுருங்கிய எச்சம்), ஏறத்தாழப் பூமியின் அளவே உள்ள உருண்டைக்குள் சூரியனின் நிறையை அடக்கி வைத்திருக்கிறது. பிறந்தபோது அது சூரியனைப் போல் சுமார் 5 மடங்கு நிறை கொண்டிருந்தது என்பதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. மற்ற நான்கு பங்கும், அது செம்பெரு விண்மீனாக வீங்கிய காலத்தில் விண்வெளியில் கலந்துவிட்டன.

இதைக் கணிக்கும் வழி அழகானது: சிரியஸ் இணையின் மொத்த வயதிலிருந்து, வெண்குறுமீன் குளிர்ந்துவரும் காலத்தைக் கழித்தால், மூல விண்மீனின் ஆயுள் கிடைக்கும், நிறை மிகுந்தவை விரைவில் எரிந்து தீர்வதால், அந்த ஆயுளே பிறப்பு நிறையைச் சொல்லிவிடுகிறது. நம் சூரியனோ தன் நிறையில் பாதிக்குச் சற்று அதிகமானதை எச்சமாக விட்டுச்செல்லும்.