சோஃபியாவின் முன்னோர் அட்டவணை: 32 இடங்களில் 30 பேர்

இங்கிலாந்தின் அரியணைக்கு வாரிசாக 1701ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் குறித்த ஹனோவரின் சோஃபியாவுக்கு (1630–1714) அந்த உரிமை தாய்வழியில் வந்தது. அவருடைய தாய் எலிசபெத் ஸ்டூவர்ட், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸின் மகள். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அந்த ஒற்றை இழையோடு நின்றுவிடுவதால், மற்ற முன்னோரையும் ஐந்து தலைமுறை வரை நானே வரிசைப்படுத்திப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஜெர்மன் வம்சாவளி ஆய்வாளர்கள் பயன்படுத்தும் கெகுலே எண்முறையையே எடுத்துக்கொண்டேன். நாம் ஆராயும் நபருக்கு எண் 1. ஒருவருடைய எண்ணை இரட்டித்தால் அவர் தந்தையின் எண், அதோடு ஒன்று கூட்டினால் தாயின் எண். இதன்படி தந்தை, ஜெர்மன் சிற்றரசான பலட்டினேட்டின் ஐந்தாம் ஃபிரெடெரிக், 2, தாய் 3. போஹீமிய அரியணையை ஏற்று 1620இல் வெள்ளை மலைப் போரில் தோற்ற ஃபிரெடெரிக் நாடிழந்து ஹேக் நகரில் தஞ்சமடைந்திருந்ததால், இந்த ஜெர்மன் இளவரசி பிறந்தது ஹாலந்தில்.

பெயர்களைவிடத் தேதிகளே அதிக நேரத்தை விழுங்கின. சோஃபியா இறந்தது 1714 ஜூன் 8, அவர் யாருக்கு வாரிசாக இருந்தாரோ அந்த ராணி ஆன் இறந்தது ஆகஸ்ட் 1 என்று பல நூல்கள் தருவதைக் கழித்துப் பார்த்தால் 54 நாள் வருகிறது. ஆனால் முதல் தேதி, 1700 முதல் ஹனோவரில் வழங்கிய கிரிகோரியன் நாள்காட்டிக்குரியது. இரண்டாவது, இங்கிலாந்து அப்போதும் விடாமல் வைத்திருந்த ஜூலியன் நாள்காட்டிக்குரியது. இரண்டுக்கும் இடையே 11 நாள் வேறுபாடு இருந்ததால், உண்மையான இடைவெளி 65 நாள். இதற்குப் பிறகு ஒவ்வொரு தேதியின் அருகிலும் நாள்காட்டியின் பெயரையும் குறித்துக்கொண்டேன்.

16 பேர் கொண்ட வரிசை பெரிய சிக்கலின்றி நிரம்பியது. டச்சுக் கிளர்ச்சித் தலைவர் வில்லியம் ஆஃப் ஆரஞ்சின் தாயான ஸ்டோல்பர்க்கின் யூலியானாவுக்கு எண் 21 கிடைத்தது. அடுத்த வரிசையில்தான் சுவாரசியம் தொடங்கியது. 51ஆம் இடத்துக்கும் 53ஆம் இடத்துக்கும் ஒரே பெண், மார்கரெட் டியூடர், வந்து நின்றார். 25ஆம் எண்ணான மார்கரெட் டக்ளஸும் 26ஆம் எண்ணான ஸ்காட்லாந்தின் ஐந்தாம் ஜேம்ஸும் அவருக்கு இரு வேறு கணவர்களிடம் பிறந்த பிள்ளைகள். நம் உறவுமுறையில் சொன்னால், ஐந்தாம் ஜேம்ஸின் மகளான மேரி ராணி 1565இல் மணந்த டார்ன்லி, மார்கரெட் டக்ளஸின் மகன் என்பதால், அவருக்கு அத்தை மகன்; இந்த இருவரின் மகன்தான் முதலாம் ஜேம்ஸ். எலிசபெத்தின் தாய்வழியான டென்மார்க் கிளையிலும் இதே கதைதான்: மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் 1572இல் மணந்த மெக்லன்பர்க்கின் சோஃபி அவருக்கு அத்தை மகள். அதனால் 56, 62 ஆகிய இரண்டு இடங்களிலும் டென்மார்க்கின் முதலாம் ஃபிரெடெரிக்கே அமர்கிறார். ஆக, 32 இடங்களில் 30 மனிதர்கள்.

இந்தக் கண்டுபிடிப்பு தந்த உற்சாகத்தில் 57, 61 ஆகிய எண்களையும் ஒருவராக்கிவிடலாம் என்று தோன்றக்கூடும். இரண்டிலும் இருப்பது பிராண்டன்பர்க்கின் அன்னா. கணினி நிரல்கள் இத்தகைய இடங்களில் இருவரையும் இணைக்கலாமா என்று ஆர்வத்தோடு கேட்கும். பெயரை மட்டும் நம்பாமல் பிறப்பு இறப்பு ஆண்டுகளையும் கணவர்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இதற்கு வழி. 57ஆம் அன்னா (1487–1514) முதலாம் ஃபிரெடெரிக்கின் முதல் மனைவி; 61ஆம் அன்னா (1507–1567) மெக்லன்பர்க் கோமகன் ஏழாம் ஆல்பிரெக்ட்டின் மனைவி. முதலாமவர், இரண்டாமவரின் தந்தையான யோவாகிமின் உடன்பிறந்தவர். அத்தைக்கும் மருமகளுக்கும் ஒரே பெயர்.

இந்த இரு பெண்களின் கிளைகளை மட்டும் 32ஐத் தாண்டி மேலே நீட்டினேன். யோவாகிமின் தந்தை யோஹான் சிசரோ, மூத்த அன்னா வழியில் 114ஆம் எண்ணிலும், இளைய அன்னா வழியில் 244ஆம் எண்ணிலும் வருகிறார்: ஒரு பக்கம் ஆறாம் தலைமுறை, மறுபக்கம் ஏழாம் தலைமுறை. எண்முறை இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது என்பதால் இரண்டு இடத்திலும் பெயரை எழுதி, ஒன்றுக்கொன்று குறுக்குக் குறிப்பு போட்டு வைத்திருக்கிறேன்.