சுவரைப் பார்ப்பவர்கள்

ஓவியக் கூடத்தில் படங்களை மாட்டி, விளக்குகளைத் திருப்பி வைத்து, விவரச் சீட்டு ஒட்டுவது என் வேலை. திறப்பு விழா மாலைகளில் ஓரமாக நின்று கூட்டத்தைக் கவனிப்பதும் அதில் சேர்ந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் வில்லியம் பவல் ஃபிரித் வரைந்த 'ராயல் அகாடமியில் அழைப்பாளர் காட்சி, 1881' என்ற ஓவியம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அந்த மாலைகளே காரணம்.

ராயல் அகாடமி என்ற கலைஞர் அமைப்பின் இடமான லண்டன் பர்லிங்டன் மாளிகையில், கண்காட்சியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதற்கு முன் பிரமுகர்கள் மட்டும் வந்து பார்க்கும் நாள். நடுவில் அகாடமித் தலைவர் லெய்டன். பிரதமர் கிளாட்ஸ்டன், கவிஞர் பிரௌனிங், விஞ்ஞானி ஹக்ஸ்லி, நடிகை எலன் டெரி என்று தெரிந்த முகங்களாகவே இருக்கின்றன. வலப்பக்கம் இளம் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு, கோட்டில் பூவைச் செருகிக்கொண்டு, சுற்றிலும் ரசிகர் கூட்டத்தோடு நிற்கிறார். இடப்பக்கம், இடுப்பை இறுக்கும் கச்சை இல்லாத தளர்ந்த உடை அணிந்த ஒரு குடும்பம். கலை அழகுக்காகவே என்று சொன்ன 'அழகியல்' இயக்கத்தாரின் உடை அது. பக்கத்தில் நாவலாசிரியர் டிராலப், சாதாரணக் கறுப்புக் கோட்டில்.

யாரைக் குத்த வேண்டும் என்பதில் ஃபிரித்துக்குச் சந்தேகமே இல்லை. தம்மைத் தாமே ரசனைக்கு அதிகாரிகளாக நியமித்துக்கொண்டவர்கள் சொல்வதைக் கேட்கும் மடமையைச் சாடவே வரைந்ததாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தக் குடும்பம் படங்களில் மூழ்கியிருப்பதும் பாவனை என்கிறார். 1878இல் புதுப்பாணி ஓவியர் விஸ்லர், கலை விமர்சகர் ரஸ்கின் மீது தொடுத்த அவதூறு வழக்கில் ரஸ்கின் தரப்புக்குச் சாட்சி சொன்னவர் ஃபிரித். புதுப்பாணிக்காரர்களை அவருக்கு ஆகாது.

எனக்கு இங்கேதான் மனம் ஒப்பவில்லை. அவர் நையாண்டி செய்பவர்கள் படத்தையாவது பார்க்கிறார்கள், படத்தைப் பற்றியாவது பேசுகிறார்கள். மதிப்புக்குரிய மனிதர்கள் பலர் ஒருவரையொருவர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தனை சுவர் நிறைய மாட்டியவர்களின் உழைப்பை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் கூடத்தில் ஒரு திறப்பு விழாவுக்கு, தோள் வரை முடி வளர்த்து, கழுத்தில் பாசிமாலைகள் தொங்க ஓர் இளைஞர் வந்தார். உள்ளங்கை அளவே இருந்த செப்புத்தகட்டு அச்சு ஒன்றின் முன் நின்றவர் அசையவே இல்லை. "படம் காட்டுகிறான்" என்று சக ஊழியர் என் காதில் சொன்னார். சற்று நேரத்தில் அந்த இளைஞர் என்னிடம் வந்து, படத்தைச் சுற்றித் தாளில் ஒரு பள்ளம் ஓடுகிறதே, அது என்ன என்று கேட்டார். ஈரத்தாளை வைத்து உருளையில் அழுத்தும்போது தகட்டின் விளிம்பு பதிந்த தடம் அது. பக்கவாட்டு வெளிச்சம் விழுந்தால்தான் தெரியும். அதற்காகவே விளக்கைச் சரித்து வைத்திருந்தேன். அன்று மாலை அதைக் கண்டுகொண்டு கேட்டவர் அவர் ஒருவர்தான்.

பாவனையா, ஈடுபாடா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஃபிரித்தாலும் முடிந்திருக்காது.

1883இல் இந்த ஓவியம் அதே அகாடமியில் வைக்கப்பட்டபோது, நெரிசல் தாங்காமல் முன்னால் தடுப்புக் கம்பி போட வேண்டியிருந்தது. அவருடைய 'டெர்பி தினம்' ஓவியத்துக்கும் 1858இல் அப்படியே நடந்தது. பிரபலங்களின் முகங்களை அடையாளம் காணவே பலர் முண்டியடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எங்களிடம் புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு இந்த ஓவியத்தின் பெரிய அச்சை விரித்துக் காட்டுகிறேன். வைல்டு எங்கே என்று கேட்பதில்லை. சுவரைப் பார்ப்பவர்கள் யார் யார் என்று கண்டுபிடிக்கச் சொல்கிறேன்.