சாம்பல் பாஸ்போர்ட்டிலிருந்து எஸ்தோனியக் குடியுரிமைக்கு

எஸ்தோனியாவின் ரஷ்ய எல்லையோர நகரமான நார்வாவில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே வேலை பார்க்கும் ஒருவர் எந்த நாட்டுக்கும் குடிமகனாக இல்லாமல் இருக்கலாம். 1992 பிப்ரவரியில் எஸ்தோனியா தன் 1938ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தைத் திரும்ப நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1940 ஜூன் 16க்கு முன் குடிமக்களாக இருந்தவர்களும் அவர்களுடைய வாரிசுகளும்தான் அப்போது தானாகக் குடிமக்கள் ஆனார்கள். சோவியத் காலத்தில் வந்து குடியேறியவர்கள், பெரும்பாலும் ரஷ்ய மொழிக்காரர்கள், வெளியே நின்றார்கள். மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர்கள். கைக்கு வந்தது சாம்பல் நிற அட்டை போட்ட அந்நியர் பாஸ்போர்ட். இன்றும் சுமார் இருபதில் ஒருவரிடம் அது இருக்கிறது. அதை மாற்ற நினைப்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதைத்தான் எழுத வந்தேன்.

எல்லாரும் நேரே மொழி வகுப்புக்கு ஓடுகிறார்கள். அதற்கு முன் தேசிய ஆவணக் காப்பகத்தில் தாத்தா பாட்டி பெயரைத் தேடிப் பாருங்கள். பெய்ப்சி ஏரிக்கரையில் பல தலைமுறைகளாக வாழும் பழைய மரபு ரஷ்யக் கிறிஸ்தவர்கள், சோவியத் ரஷ்யாவோடு செய்த 1920ஆம் ஆண்டு தார்த்து அமைதி ஒப்பந்தப்படி அன்று எஸ்தோனியாவில் இருந்த, இன்று ரஷ்யாவில் உள்ள பெத்செரிப் பகுதிக்காரர்கள், இவர்களின் முன்னோர் அன்றைக்கே குடிமக்கள். அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் நீங்கள் பிறப்பாலேயே குடிமகன், தேர்வே கிடையாது. சிக்கல் பெயரில் வரும். 1930களில் பலர் குடும்பப் பெயரை எஸ்தோனிய மயமாக்கினார்கள். பிறகு அது சோவியத் ஆவணத்தில் ரஷ்ய எழுத்துக்குப் போய், மறுபடி லத்தீன் எழுத்துக்குத் திரும்பும்போது வேறொரு பெயராகிவிடும். பிறப்புச் சான்று, திருமணச் சான்று என்று கண்ணிகளை ஒன்றோடொன்று கோக்க வேண்டும். நடுவில் ஒரு திருமணச் சான்று இல்லையென்றால் சங்கிலி அறுந்தது.

அடுத்தது இன்றைய குடியுரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. வேறொரு நாட்டின் படையில் தொழில்முறை ராணுவத்தினராக இருந்து ஓய்வு பெற்றவருக்கும், அவருடைய பணிமாற்றத்தால் எஸ்தோனியா வந்த மனைவிக்கும் குடியுரிமை கிடையாது. பிறப்பால் எஸ்தோனியக் குடிமகனான ஒருவரோடு ஐந்தாண்டு மணவாழ்க்கை இருந்தால் விலக்கு உண்டு. இரண்டு ஆண்டு மொழி படித்துவிட்டு இந்தப் பிரிவில் முட்டி நிற்பது கொடுமை. முதல் வாரத்திலேயே படித்துவிடுங்கள்.

மொழித் தேர்வு பி1 நிலை, அதாவது ஐரோப்பிய மொழி அளவுகோலில் நடுத்தரம். எழுத்து, கேட்டல், வாசிப்பு, பேச்சு என நான்கு பகுதி. மொத்தத்தில் 60 சதவீதம் வேண்டும், எந்தப் பகுதியிலும் பூஜ்யம் கூடாது. எஸ்தோனிய வழிக் கல்வி முடித்தவருக்கு இந்தத் தேர்வு இல்லை.

வேற்றுமை பதினான்கு என்று பயமுறுத்துவார்கள். உருபுகளைச் சேர்த்துச் சேர்த்துப் பேசும் தமிழ்க்காதுக்கு அது பெரிய அதிசயமில்லை. ரஷ்யர்களும் வேற்றுமைக்குப் பழகியவர்கள்தான். உண்மையில் மதிப்பெண் கசியும் இடம் செயப்படுபொருள். 'புத்தகத்தைப் படித்து முடித்தேன்', 'புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன்' இரண்டிலும் புத்தகத்துக்கு வேறு வேறு உருபு விழும். வேலை முடிந்ததா இல்லையா என்பதை வினை மட்டுமல்ல, பெயர்ச்சொல்லும் சொல்கிறது. இதை விதியாக மனப்பாடம் செய்து பயனில்லை. ஒவ்வொரு வினையையும் அதன் உருபோடு சேர்த்தே நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கேட்டலில் வேறொரு பொறி. நமக்குக் குறில், நெடில். எஸ்தோனியத்தில் மூன்றாவதாக அளபெடை போல ஒன்று உண்டு. 'கொலி' என்றால் தட்டுமுட்டுச் சாமான். 'கோலி' என்றால் பள்ளியின். இன்னும் இழுத்துக் 'கோஒலி' என்றால் பள்ளிக்கு. பின்னிரண்டுக்கும் எழுத்தில் வேறுபாடே இல்லை. பாடப்புத்தகத்தில் மட்டும் படித்தவர் இங்கே மாட்டுவார். அதற்கு மருந்து தினமும் வானொலிச் செய்தி.

பேச்சுப் பகுதியில் இலக்கணப் பிழையைவிட மௌனம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. ஜோடியாக உட்கார வைத்துப் பேசச் சொல்வார்கள். எதிராளி பேசிமுடித்ததும் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். நார்வாவில் கடையிலும் பேருந்திலும் ரஷ்ய மொழியே காதில் விழும். தெருவில் பழக இடமில்லை. அதற்காகத்தான் ஒருங்கிணைப்பு அறக்கட்டளை 2019இல் தாலினிலும் நார்வாவிலும் எஸ்தோனிய மொழி இல்லங்களைத் திறந்தது. அங்கே நடக்கும் மொழிக் கஃபேக்களில் வாரம் ஒருமுறையாவது உட்காருங்கள். அதே 2019இல் அரசோடு மொழி ஒப்பந்தம் செய்துகொண்டு இலவசமாகப் படிக்கும் வழியும் வந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இதில் சம்பளத்தோடு விடுப்பு உண்டு.

தயாராகாமல் 'சும்மா எழுதிப் பார்ப்போம்' என்று போகாதீர்கள். 35 சதவீதம்கூட எட்டாவிட்டால் அடுத்த முயற்சிக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

மொழிக்கு அடுத்தது அரசியலமைப்பும் குடியுரிமைச் சட்டமும் பற்றிய தேர்வு. இதற்கு ஆட்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரியாக இருந்தால் போதும். அரசியலமைப்பும் குடியுரிமைச் சட்டமும் எஸ்தோனிய மொழியில் மேசையிலேயே கிடைக்கும். ஆக இது மனப்பாடத் தேர்வு அல்ல, இரண்டாவது வாசிப்புத் தேர்வு. எந்த விஷயம் எந்த அத்தியாயத்தில் என்று விரல் நுனியில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வயதுகள்தான் குழப்பும்: நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்க 18 (57ஆம் பிரிவு), உள்ளாட்சிக்கு 16 (156ஆம் பிரிவு), அதிபராக 40 (79ஆம் பிரிவு). அந்த 79ஆம் பிரிவிலேயே அதிபர் பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. 8ஆம் பிரிவோ, பிறப்பால் வந்த குடியுரிமையை யாரும் பறிக்க முடியாது என்கிறது. தேர்வெழுதி வாங்கியதைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை. படிக்கும்போது பலர் பேனாவைக் கீழே வைப்பது இந்த இடத்தில்தான்.

விண்ணப்பம் காவல், எல்லைக் காவல் வாரியத்துக்கு. வாழ்க்கைக் குறிப்பும் வருமானச் சான்றும் சேர்க்க வேண்டும். அரசியலமைப்பு ஒழுங்குக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற ஒரு வரி உறுதிமொழியும் உண்டு. முடிவெடுப்பது அரசாங்கமே. குழந்தைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்: 2016 முதல், நாடற்ற பெற்றோருக்கு அங்கே பிறக்கும் குழந்தை, பெற்றோர் ஐந்தாண்டு வசித்திருந்தால் பிறந்தவுடனே குடிமகன்.

இவ்வளவு நாள் ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், சாம்பல் பாஸ்போர்ட் அப்படியொன்றும் வசதிக் குறைவில்லை என்பார்கள். 2007 முதல் ஷெங்கன் நாடுகளுக்கு அதில் விசா இல்லாமல் போகலாம். 2008இல் ரஷ்யாவும் விசாவைத் தளர்த்தியது. உள்ளாட்சியில் வாக்கும் இருந்தது. 2025 மார்ச்சில் அரசியலமைப்பைத் திருத்தி, அந்த ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு அந்த வாக்கு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். நாடற்றவர்கள் கடைசியாக வாக்களித்தது 2025 அக்டோபரில். கணக்கு இப்போது மாறிவிட்டது. ஆனால் நார்வாவுக்கு ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் ரஷ்ய நகரமான இவான்கோரோடில் அம்மா இருக்கிறார் என்றால் ஒன்றை மட்டும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்: எஸ்தோனியக் குடிமகன் ஆன பிறகு நடுவிலுள்ள பாலத்தைக் கடக்க விசா வேண்டும்.