அறுப்பு வாரத்தில் போன் மாற்றினேன்

போன் மாற்றக் கூடாத வாரம் என்று ஒன்று உண்டென்றால் அது அறுப்பு வாரம்தான். எனக்கு அந்த வாரத்தில்தான் மாற்ற வேண்டி வந்தது.

எங்களுக்கு நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுப் பாசனத்தில் பதினைந்து மா நிலம். மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறதே, அதில் ஒன்றுதான் கோரையாறு. பத்து மாவில் சம்பா, ஐந்து மாவில் தாளடி, அதாவது குறுவையை அறுத்த பிறகு நடும் இரண்டாம் போக நெல். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், மூன்று மா ஒரு ஏக்கர். வயல் வேலையை வீட்டுக்காரர் பார்ப்பார். கணக்கு, பணம், போன் மூன்றும் என் பொறுப்பு.

பழைய போன் 2018 ஆடியில் வாங்கியது, கஜா புயலுக்கு முந்தியது. தை மாதக் கடைசியில் ஒருநாள் காலை அதன் திரையில் கீழ்ப்பாதி செத்துப்போய்விட்டது. படம் தெரிகிறது, தொட்டால் கேட்கவில்லை. மேல்பாதி நன்றாக வேலை செய்கிறது. அழைப்பு வந்தால் எடுக்கும் பச்சைப் பொத்தான் கீழேதானே இருக்கிறது? அறுவடை மெஷின்காரர் நான்கு முறை கூப்பிட்டார். அடிக்கிற போனைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்க முடியாமல் நின்றேன். கதிர் முற்றி நிற்கும்போது மெஷின் கை நழுவிப்போனால் அடுத்த முறை எப்போது வருமோ, அதற்குள் ஒரு மழை அடித்தால் என்ன ஆகுமோ, டெல்டாவில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு மன்னார்குடிக்குப் போனேன். கடைக்காரர் மெகாபிக்சல், பிராசசர் என்று ஆரம்பித்தார். எனக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான்: வெயிலில் திரை தெரியுமா, மெஷின் ஓடும்போது மணிச்சத்தம் கேட்குமா? வெயிலைக் கடைக்குள் சோதிக்க முடியாது. காட்சிக்கு வைத்திருந்த போனைக் கேட்டு வாங்கி வாசலுக்கு வந்து, நல்ல வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பழையதில் வரப்பில் நின்றால் முந்தானையால் நிழல் கட்டித்தான் எண்ணைப் படிக்க முடியும். இதில் எழுத்து அப்படியே தெரிந்தது. 18,000 ரூபாய். பில் போடும் முன் *#06# அழுத்தி, வந்த 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது போனின் அடையாள எண், பெட்டியில் இருந்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று மருமகன் பார்த்தான். கே-ஒய்-எம் என்று மூன்று ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, அந்த எண் என 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அந்த போனின் விவரமும் திரும்பி வரும். போன் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மெமரி கார்டு போட இதில் இடமே இல்லை என்று தெரிந்தது. கடையில் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பழைய கார்டில்தான் கஜா படங்கள் இருந்தன, பேராவூரணியில் அக்கா வீட்டுத் தென்னந்தோப்பு முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்த படங்கள். நிவாரணத்துக்காக எடுத்தவை. இப்போது யாருக்கும் வேண்டியதில்லை என்றாலும் என்னால் அழிக்க முடியாது.

இரவு ஒன்பது மணிக்கு மாற்றும் வேலையைத் தொடங்கினோம். மருமகன் முதலில் சொன்னது இதுதான்: "அத்தை, பழைய போனை எக்காரணம் கொண்டும் அணைச்சிடாதீங்க. அணைச்சுப் போட்டா கடவு எண் கேக்கும். ரேகையை ஏத்துக்காது. கீழ்ப்பாதில எண்ணைத் தட்டவும் முடியாது. அதோட கதை முடிஞ்சிடும்." எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சார்ஜில் போட்டே வேலையை ஆரம்பித்தோம்.

செத்த பாதிக்கு அவன் கண்டுபிடித்த வழி என்னை அசத்திவிட்டது. திரை தானாகத் திரும்பும் வசதியை மேலிருந்து இழுத்து இயக்கினான். பிறகு போனைப் படுக்கை வாக்கில் பிடித்தான். கீழே இருந்த செத்த பாதி இப்போது ஒரு ஓரமாகப் போய்விட்டது. பட்டியலில் ஒவ்வொரு வரியும் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை நீண்டிருப்பதால், உயிருள்ள பக்கத்தில் தொட்டாலே போதும். இப்படியே வாட்ஸ்அப்பில் அமைப்புகள், அரட்டைகள், அரட்டைகளை இடமாற்றுதல் என்று போனான். புதிய போனில் என் எண்ணைச் சரிபார்த்ததும் ஒரு க்யூஆர் குறியீடு வந்தது. பழையதை அதன்மேல் காட்டினோம். இரண்டு போனிலும் வைஃபை இயக்கத்தில் இருந்தால் போதும், கூகுள் டிரைவுக்குப் போகாமல் நேராகவே வந்துவிடுகிறது. ஒன்றே கால் மணி நேரம் ஆனது. மகளிர் குழுவின் ஐந்து வருடக் கடன் வரவு, நெல் விற்ற ரசீதுப் படங்கள், மாமியாரின் மருந்துச் சீட்டு எல்லாம் தேதி மாறாமல் வந்து உட்கார்ந்தன.

பெயர்கள்தான் பாதி வரவில்லை. கூகுள் கணக்கில் சேமித்தவை வந்துவிட்டன. போனிலும் சிம்மிலும் தனித்தனியாகப் போட்டு வைத்தவை தங்கிவிட்டன. "நடவு கொத்து பெரியம்மா", "மெஷின் ஆத்தூர் டிரைவர்", "உளுந்து வியாபாரி" என்று நான் பெயர் போட்டவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம். அவற்றை ஒரே கோப்பாக்கி அனுப்பி, புதியதில் திறந்து, இனி எல்லாம் கூகுள் கணக்கிலேயே சேமிக்கும்படி மாற்றி வைத்தோம். டிஜிலாக்கர், உழவன் செயலி இரண்டுக்கும் ஓடிபி போட்டதும் பழையபடி எல்லாம் இருந்தது. அதில் சிரமமே இல்லை.

சிரமம் திங்கட்கிழமை வந்தது. காலையில் யுபிஐ செயலியை நிறுவினேன். அது நம் சிம்மிலிருந்து தானாக ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, வங்கியில் கொடுத்த எண் இதுதானா என்று பார்க்கும். இரண்டு முறை தோற்றது. என் வங்கி எண் பழைய போனில் முதல் சிம் இடத்தில் இருந்தது. இதில் போடும்போது இரண்டாவது இடத்துக்கு மாறியிருக்கிறது. செயலி அடுத்த சிம்மிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தது. சரியான சிம்மைத் தேர்ந்ததும் நொடியில் முடிந்தது. பழைய பின் எண்ணே செல்லும், புதிதாகப் போட வேண்டியதில்லை. அது போனில் இல்லை, வங்கியில் இருக்கிறது. அப்பாடா என்று இருந்தது.

பத்து மணிக்கு மெஷின் இறங்கியது. வயலில் ஈரம் இருந்ததால் பெல்ட் மெஷின், மணிக்கு 2500 ரூபாய். பத்து மாவுக்கும் மூன்றரை மணி நேரம் பிடித்தது. 8750 ரூபாய். டிரைவர் தம்பி குறியீட்டை நீட்டினார். தொகையைப் போட்டு, பின் எண்ணைத் தட்டினேன். போகவில்லை. மறுபடி போட்டேன். போகவில்லை. போன் மாற்றிப் புதிதாகப் பதிந்தால் முதல் 24 மணி நேரத்துக்கு 5000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாதாம். வேறு யாராவது நம் எண்ணைத் தன் போனில் ஏற்றிக் கணக்கைத் துடைத்துவிடாமல் இருக்க வைத்த தடை. நல்ல ஏற்பாடு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் களத்து மேட்டில் நெல்லைக் கொட்டிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் ஒருவர் நிற்கும்போது அது தெரியவந்தால் மனசு என்ன பாடுபடும்?

"அக்கா, நான் ராத்திரிக்குள்ள திருத்துறைப்பூண்டி போயாவணும். அங்க ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுவே எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. 5000 ரூபாயை அனுப்பிவிட்டு, மீதி 3750-க்குப் பக்கத்து வயல் சின்னம்மாவிடம் ஓடினேன். அவர் அரிசிப் பானைக்குள் இருந்து சுருட்டி வைத்திருந்த நோட்டுகளை எண்ணிக்கூடப் பார்க்காமல் கொடுத்தார். நான்தான் டிரைவர் எதிரில் எண்ணினேன்.

அறுப்பு, நடவு, கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எது முன்னால் இருந்தாலும், போன் மாற்றுபவர்கள் கையில் ரொக்கம் வைத்துக்கொண்டு மாற்றுங்கள். முடிந்தால் இரண்டு நாள் முன்னாலேயே யுபிஐயைப் பதிந்துவிடுங்கள்.

அடுத்து கைரேகை. பழைய போனில் ரேகை வைக்கும் இடம் முதுகில் இருந்தது. ஆள்காட்டி விரலை வைத்ததும் திறக்கும். இதில் திரைக்கு அடியில். விரலை வைத்தால் அந்த இடம் பளீரென்று ஒளிர்ந்து, ரேகையைப் படம் எடுக்கிறது. நாற்றுப் பறிக்கவும் களை எடுக்கவும் சேற்றில் ஊறி, சாம்பலும் நாரும் போட்டுப் பாத்திரம் தேய்த்த கட்டைவிரலில் எடுப்பதற்கு என்ன ரேகை மிச்சம் இருக்கும்? ரேஷன் கடையிலேயே என் விரல் மூன்றாவது நான்காவது முறைதான் விழும். இங்கே பத்து முறை வைத்தும் "மீண்டும் முயலவும்" என்றுதான் வந்தது. இளவட்டங்களின் விரலை மனதில் வைத்தே இதைச் செய்திருக்கிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

விளக்கு வெளிச்சத்தில் பத்து விரலையும் விரித்துப் பார்த்தேன். வலது கை விரல்கள் வழவழவென்று இருந்தன. இடது கை மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் கோடுகள் தெளிவாக இருந்தன. அருவாளும் மண்வெட்டியும் அங்கே அவ்வளவு உரசுவதில்லை போலிருக்கிறது. இடது சுண்டு விரலை வெந்நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, துளி தேங்காய் எண்ணெய் தடவி மறுபடி துடைத்துப் பதிந்தேன். அதே விரலை இரண்டாவது விரல் என்று சொல்லி இன்னொரு முறையும் பதிந்தேன். இது மருமகன் யோசனை. அன்றிலிருந்து பத்துக்கு எட்டு முறை திறக்கிறது. திரைக்கு மேல் கனமான கண்ணாடி ஒட்டினால் இதுவும் கெட்டுவிடும் என்றான், அதனால் மெல்லிய உறைதான் ஒட்டினேன்.

கேமராவைப் பற்றி எல்லாரும் புகழ்வார்கள். நானும் முதல் வாரம் புகழ்ந்தேன். அறுப்புக்கு முன் சம்பாப் பயிருக்குள்ளேயே தெளித்திருந்த உளுந்து மாசியில் மூன்றாம் இலை விட்டது. ஒரு மூலையில் நாலைந்து செடியின் இலைகள் லேசாக வெளிறியிருந்தன. வேளாண் அலுவலர் மேடத்துக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "செடி பச்சைப் பசேல்னு இருக்கே அம்மா, கவலைப்படாதீங்க" என்று பதில் போட்டார். படத்தை நானும் பார்த்தேன். என் வயலில் இல்லாத பச்சை அதில் இருந்தது. கையில் இலையையும் பக்கத்தில் போனையும் பிடித்து ஒத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, செடியைக் கண்டால் அந்தக் கேமரா தானே பச்சையை ஏற்றிவிடுகிறது. பூவுக்கு அது அழகாக இருக்கலாம். நோய் பார்க்க அனுப்பும் இலைக்கு அது பொய்.

கேமரா அமைப்புக்குள் போய் அந்தத் தானியங்கி மெருகை அணைத்தேன். இந்த முறை இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் வைத்து எடுத்தேன். நரம்போரம் மஞ்சள் திட்டுகள் தெரிந்தன. பெரிதாக்கிப் பார்த்தால் மாவு தூவினாற்போல வெள்ளை ஈக்கள், இறக்கை மடித்து உட்கார்ந்திருப்பது வரை தெரிந்தது. பழைய போனில் இது ஒரு நாளும் தெரிந்திருக்காது. மேடம் உடனே கூப்பிட்டார்: "மஞ்சள் தேமல் அம்மா. ஈதான் பரப்பும். அந்தச் செடிகளை இப்பவே பிடுங்கிடுங்க." அன்று சாயங்காலமே பிடுங்கினோம். மஞ்சள் ஒட்டுப்பொறி வாங்கி நட்டோம். மற்றச் செடிகள் தப்பின.

கடைசியாகச் சொல்ல வேண்டியது எழுத்து. நான் தமிழ்99 விசைப்பலகையில் எழுதுபவள். 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிரெழுத்து இடப்பக்கம், மெய் வலப்பக்கம். 'க'வை இரண்டு முறை தட்டினால் முதல் 'க'வுக்குத் தானே புள்ளி விழுந்து 'க்க' ஆகிவிடும். ஒருமுறை கை பழகிவிட்டால் வேறெதிலும் எழுத முடியாது. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினத்தைத்தான் பழைய போனில் வைத்திருந்தேன். போனோடு வந்த பலகையில் இரண்டு நாள் தட்டிப் பார்த்துவிட்டு, இதிலும் அதையே நிறுவிக்கொண்டேன். ஆனால் ஆறு வருடமாக நான் எழுதி எழுதிப் பழக்கிய சொற்கள் கூட வரவில்லை. மடை, தாள், தாளடி, சிப்பம், கொத்து, தரிசு, அண்டை வெட்டு என்று ஒவ்வொன்றையும் முழுதாகத் தட்ட வேண்டியிருந்தது. பரிந்துரைப் பட்டியலில் எங்கள் ஊர்ப் பேச்சே இல்லாமல் போனது எனக்கு அந்த 24 மணி நேரத் தடையைவிடக் கஷ்டமாக இருந்தது. குழுக் கணக்கில் ஒரு வரி எழுத இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. ஆனாலும் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்ப மனம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் முழுதாகவே எழுதினேன்.

மாசிக் கடைசியில் மீதி ஐந்து மாவுக்கும் மெஷின் வந்தது. அதே ஆத்தூர்த் தம்பிதான். ஒன்றே முக்கால் மணி நேரம், 4375 ரூபாய். வரப்பில் நின்றபடியே இடது சுண்டு விரலை வைத்தேன், திறந்தது. வெயிலில் தொகையைப் படித்துப் பார்த்து அனுப்பினேன், அவர் போனில் உடனே மணி அடித்தது. "இந்தத் தடவ சின்னம்மா வீட்டுக்கு ஓட வேணாம்லக்கா" என்று சிரித்தார். அவர் போன பிறகு கணக்கை எழுதலாம் என்று செயலியைத் திறந்து 'தா' என்று தட்டினேன். மேலே முதல் சொல்லாக 'தாளடி' வந்து நின்றது.