டிரெஸ்டன் பீங்கான் குறிப்புகள்

மார்ச் 12, 2024, செவ்வாய்

ஸ்விங்கர் அரண்மனையின் பீங்கான் கூடத்தில் எல்லாரும் முதலில் போய் நிற்பது ‘டிராகூன் ஜாடிகள்’ முன்னால்தான். மூடியோடு சேர்த்தால் ஒரு மீட்டருக்கு மேல் உயரம். காங்ஸி பேரரசர் காலத்துச் சீன வேலை, வெள்ளையில் நீலம்.

கதை தெரிந்ததுதான். 1717இல் சாக்சனியின் ஆட்சியாளரும் போலந்து அரசருமான அகஸ்டஸ் (‘பலசாலி’ என்பது பட்டப்பெயர்) தன் படையிலிருந்து 600 பேரைப் பிரஷ்ய மன்னர் முதலாம் பிரீட்ரிக் வில்ஹெல்முக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு 151 பீங்கான் பொருள்களை வாங்கிக்கொண்டார். குதிரை, ஆயுதம், சீருடை எதுவும் கணக்கில் இல்லை, வெறும் ஆள். ‘டிராகூன்’ என்றால் குதிரைப்படை வீரன்; ஜாடிக்குப் பெயர் வந்தது அப்படித்தான். பிரஷ்யருக்குப் பட்டாளம்தான் உயிர். அப்பா ஆசை ஆசையாகச் சேர்த்து சார்லட்டன்பர்க், ஒரானியன்பர்க் அரண்மனைகளில் வைத்திருந்த பீங்கானைத் தள்ளிவிட்டதில் அவருக்கு வருத்தமே இருந்திருக்காது.

வழிகாட்டிகள் இதை நகைச்சுவையாகச் சொல்கிறார்கள், கூட்டமும் சிரிக்கிறது. ஒரு பொருளுக்குக் கிட்டத்தட்ட நான்கு ஆள் என்று வகுத்துப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் மாறிப்போன அந்த வீரர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கப் போவதில்லை.

ஜாடியை மட்டும் பார்த்தால் அபாரம். பக்கவாட்டில் வெளிச்சம் படும்படி நின்றால் வயிற்றுப் பகுதியைச் சுற்றி லேசான ஒரு வரம்பு தெரியும். இவ்வளவு பெரிய ஜாடியை ஒரே மூச்சில் சக்கரத்தில் வனைய முடியாது. சீனாவின் பீங்கான் ஊரான ஜிங்டெஜெனின் குயவர்கள் துண்டு துண்டாகச் செய்து, களிமண் குழம்பால் ஒட்டி, அப்புறம் சூளையில் வைத்தார்கள்.

மார்ச் 14, வியாழன்

இன்று போகவில்லை. இணையத்தில் இருக்கிற தொகுப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இரவு வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். அகஸ்டஸ் சேர்த்த கிழக்காசியப் பீங்கான்களில் இன்னும் டிரெஸ்டனில் இருப்பவை சுமார் 8,000. நல்ல விஷயம் என்னவென்றால், அடிப்பாகத்தையும் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். காட்சிக்கூடத்தில் அடிப்பாகம் எங்கே தெரியப்போகிறது?

அங்கேதான் எனக்குப் பிடித்த சங்கதி இருக்கிறது. 1721இல் அரசரின் பீங்கான்களுக்குப் பட்டியல் போடத் தொடங்கி 1727 வரை எழுதினார்கள். பட்டியலில் ஏறிய பொருளின் அடியில் எண்ணையும் ஒரு குறியையும் மெருகுக்குள்ளேயே வெட்டி, கறுப்புத் தேய்த்துவிட்டார்கள். நம் ஊர்ப் பாத்திரக்கடையில் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டித் தருவார்களே, அதே காரியம்தான். பொருளின் வகையைக் குறி சொல்லும். நீலம் வெள்ளைக்கு நெளிகோடு, சீன வெள்ளைப் பீங்கானுக்கு முக்கோணம், பச்சை மேலோங்கிய சீன வேலைக்கு I, சிவப்புக்கு அம்பு, ஜப்பானிய இமாரி வகைக்குக் கூட்டல் குறி.

ஒரு தட்டு எந்த ஆண்டு செய்தது என்று சீன, ஜப்பானியப் பீங்கானில் அடித்துச் சொல்வது கஷ்டம். ஏற்றுமதிச் சரக்கில் தேதி அபூர்வம். முந்தைய பேரரசரின் முத்திரையைப் போட்டுவிடுவதும் சகஜம். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு கிண்ணம் இருக்கிறதென்றால் 1727க்குள் அது செய்யப்பட்டு, கப்பலேறி, டிரெஸ்டன் வந்து சேர்ந்தாயிற்று. அதே மாதிரிக் கிண்ணம் உலகத்தில் எந்த அருங்காட்சியகத்தில் இருந்தாலும், அதற்குக் காலம் கணிக்க இங்கே ஒரு பிடி கிடைக்கிறது. 1919, 1920இல் இரட்டைப்படியாக இருந்தவற்றை ஏலம் விட்டார்கள். அப்படி வெளியே போனவற்றையும் இந்த வெட்டை வைத்தே அடையாளம் கண்டுவிடுகிறார்கள்.

அரசர் தனக்குப் ‘பீங்கான் வியாதி’ என்று தானே எழுதிக்கொண்டவர். அவர் புகழை எல்லாரும் பாடுகிறார்கள். எனக்கென்னவோ, வெட்டுச் சக்கரத்தைப் பிடித்து எண் வெட்டிய அந்தக் கைகளுக்குத்தான் கும்பிடு போடத் தோன்றுகிறது.

மார்ச் 16, சனி

ஜப்பானியப் பகுதி. பறவைக்கூண்டு ஜாடிகள் என்று சில இருக்கின்றன. அரிட்டாவில் 1700 வாக்கில் செய்தவை. பீங்கான் ஜாடி, அதன் நடுவில் கம்பி வைத்த கூண்டு, மேலே அரக்குப் பூச்சில் அலங்காரம். பீங்கான்மேல் அரக்கு! பார்க்க விசித்திரம். அழகு என்று சொல்ல மனம் வரவில்லை. ஜப்பானில் யார் வீட்டுக் கூடத்திலும் இதை வைத்திருக்க மாட்டார்கள். ஐரோப்பியனின் பணத்துக்காகவே பிறந்த சரக்கு.

ஜப்பான் இந்தச் சந்தைக்குள் வந்ததே சீனாவில் அடிதடி நடந்ததால்தான். 1644இல் மிங் ஆட்சி சரிந்து, உள்நாட்டுப் போரில் ஜிங்டெஜென் சூளைகள் படுத்துவிட்டன. டச்சுக் கம்பெனிக்குச் சரக்கு வேண்டும். 1659இல் அரிட்டாவுக்குப் பெரிய ஆர்டர் போனது. காங்ஸி காலத்தில் சீனச் சூளைகள் எழுந்ததும் மறுபடி விலைப்போட்டி.

அரிட்டாவின் கக்கியெமோன் வகைத் தட்டுகள்தான் என் கட்சி. பால் வெள்ளை; ஓரத்தில் ஒரு கிளை, இரண்டு காடை, மற்றபடி வெறும் இடம். அவ்வளவு இடத்தைச் சும்மா விடுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

மார்ச் 17, ஞாயிறு

எல்பே ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜப்பானிய அரண்மனை. பெயர்தான் ஜப்பான், முற்றத்தில் பாரம் தாங்கும் சிலைகளோ சீனர்கள், பல்லிளித்துக்கொண்டு. இதைப் பீங்கானாலேயே நிரப்பப் போவதாகத் திட்டம். கீழ்த்தளத்தில் சீன, ஜப்பானியச் சரக்கு, மேல்தளத்தில் சாக்சனியின் சொந்த மைசன் பீங்கான். யார் மேலே, யார் கீழே என்பதில் ஒளிவுமறைவே இல்லை. 1733இல் அகஸ்டஸ் வார்சாவில் இறந்தார்; நினைத்தபடி முடியவில்லை. மழை பிடித்துக்கொண்டதால் டிராம் ஏறிவிட்டேன்.

மார்ச் 23, சனி

மைசனைப் பற்றி எழுத வேண்டுமென்றால் பொட்கர் சிறைவாசத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தங்கம் செய்வேன் என்று சொன்ன இளைஞனை அரசர் பிடித்து அடைத்துவைத்தார். அறிஞர் சிர்ன்ஹவுஸின் மேற்பார்வையில் 1708இல் அவனுக்குக் கைகூடியது வெள்ளைப் பீங்கான். 1710இல் தொழிற்சாலை. இதைப் பலரும் எழுதியாயிற்று. இன்று என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்குப் பின் வந்த ஒரு திருட்டுத்தனம்.

1729 வாக்கில் பாரிஸ் வியாபாரி லெமேர், மைசனில் கக்கியெமோன் நகல்களைச் செய்யச் சொல்லி ஆர்டர் கொடுத்தான். உடந்தை கவுண்ட் ஹோய்ம், அரசரின் சொந்த அமைச்சர். தொழிற்சாலையின் குறுக்குவாள் முத்திரை மெருகுக்கு அடியில் இருந்தால் அழியாது. அதனால் மெருகுக்கு மேலே போடச் சொன்னார்கள். பாரிஸ் போனதும் சுரண்டிவிட்டு அசல் ஜப்பான் என்று விற்கலாமே. அரசர் பித்தாகச் சேர்த்த ஜப்பானியப் பீங்கான், அரசரின் தொழிற்சாலையிலேயே போலியாக உருவாகி வெளியே போனது. 1731இல் குட்டு உடைந்தது. ஹோய்ம் பதவி இழந்து, கடைசியில் 1736இல் கோனிக்ஸ்டைன் கோட்டைச் சிறையில் தூக்குப் போட்டுக்கொண்டார்.

அவர் வீட்டில் பறிமுதலான பீங்கான்கள் ஜப்பானிய அரண்மனைக்கு வந்து, அடியில் எண் வெட்டிக்கொண்டன. மைசன் சரக்குக்கு உரிய குறி w. காடையும் கிளையும் தீட்டிய மைசன் தட்டுகளின் அடிப்பாகங்களை அடுத்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.